முப்பத்தாறு முழம் நீலம்

ஜூலை 7, திங்கள்

இல்லை, பொறாமை இல்லை. புழுக்கம். வில்லியனூரில் இரண்டு நாளாக இலை அசையவில்லை.

எங்கள் பிரெஞ்சு மேலாளர் மதாம் கொடுத்த வேலை: பழைய துணி வணிகக் கண்காட்சிக்கு ஓர் அளவுப் பலகை. பழைய அளவுகளை மீட்டர் கணக்கில் எழுத வேண்டும்.

சாண் – 22.86 செ.மீ.
முழம் – இரண்டு சாண், 45.72
கெஜம் – இரண்டு முழம், 91.44
ஓன், பிரெஞ்சு வணிகர்களின் துணிக்கோல் – 118.8

நடுக்கூடத்தில் தொங்கப்போவது ஒரே ஒரு நீலத் துணி. ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய உருப்படியைப் போலப் புதிதாக நெய்வது. முப்பத்தாறு முழம். அதாவது 16.46 மீட்டர். பதினான்கு ஓனுக்குக் கொஞ்சம் குறைவு. சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன்.

பிறகு துணி பிரான்சுக்குப் போகிறது. கூடவே எங்களில் ஒருத்தி, மூன்று மாதத்துக்கு. யாரென்று திறப்பு விழா முடிந்து சொல்வாராம் மதாம். நான், இல்லையென்றால் நெட்டப்பாக்கம் அபிராமி. எம்.ஏ.வில் என் பக்கத்து இருக்கை. முழுப்பெயர் இதோடு போதும். இனி அ.

என் பிரெஞ்சில் பிழை இல்லை. அ. பிழையோடு பேசுகிறாள், மதாம் சிரிக்கிறார். பிழை இல்லாததற்காக யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

ஜூலை 9, புதன்

காலையில் தூறல். மண்ணைக் கிளறிவிட்டுப் போய்விட்டது.

துணிக்கு ஆர்டர் சொல்வது அ. பொறுப்பு. ஸ்கூட்டரில் சாய்ந்தபடி நெசவுக்காரரோடு போன்.

"அண்ணே, முப்பத்தாறு முழம். மீட்டரா? அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு? மீட்டரு வெள்ளக்காரனுக்கு. நீ முழத்துலயே நெய்யிண்ணே!"

பக்கத்தில் மதாம், வெள்ளைக்காரி. அர்த்தம் கேட்டு அவரும் சிரிக்கிறார்.

வீடு. கொடியில் அப்பாவின் புது வேட்டி. சீட்டு இன்னும் கிழிக்கவில்லை. 4 முழம் – 2.00 மீ.

அப்படியே நின்றுவிட்டேன். அந்த நெசவுக்காரர் வேட்டி நெய்கிறவர். வேட்டி முழம் ஐம்பது செ.மீ. முப்பத்தாறுக்குப் பதினெட்டு மீட்டர் வரும். ஒன்றரை மீட்டர் அதிகம். தொங்கவிட்டால் மிச்சம் தரையில் கிடக்கும்.

அம்மா: "இன்னாடி, வேட்டியப் புடிச்சிகினு நிக்கிற? அந்த அபிப் பொண்ணக் கடைத்தெருவுல பாத்தேன். இன்னா களையா கீது! நீயும் கீறியே, மொகத்தத் தூக்கி வெச்சிகினு."

அவளிடம் சொல்லலாம். போன் கையில்தான் இருக்கிறது.

சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

தலைவலி. பலகை முடிந்தது. அ. படித்துவிட்டு, "கணக்குல நீ புலிடி," என்று கட்டிக்கொண்டாள். 16.46-ஐத் தாண்டித்தான் படித்தாள். கண் அங்கே நிற்கவில்லை.

அவள் கை, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, என்னுடையதைவிட ஒரு விரல் நீளம். அளக்கவில்லை. தெரியும்.

நெசவு முடிந்ததாம். சாயத்துக்குப் போயிருக்கிறது. இன்னும் சொல்லலாம்.

ஆகஸ்ட் 9, சனி

விழா. வெயில். மோர் புளிப்பு.

துணியை விட்டத்தில் ஏற்றினார்கள். ஒரு முனை வாசலில், தரைக்கு ஒரு சாண் மேலே நின்றிருக்க வேண்டும். தரையில் விழுந்து, சுருண்டு கிடந்தது. மதாம் முகம் சுருங்கியது. என்னிடம்: "பலகையில் 16.46தானே?" ஆமாம் என்றேன். நெஞ்சுக்குள் தித்திப்பு. மறைக்க ஏன் வேண்டும், இது என் டைரி.

அ. துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அய்யய்யோ, வேட்டி முழத்துல நெய்ஞ்சிட்டாரா!"

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றினாள். அந்த மிச்சத்தின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வாங்க, குந்துங்க. கப்பல் ஏறுனது வேற முழம், இது எங்க ஊரு வேட்டி முழம். ஒங்க கையில எவ்ளோ கீதுன்னு அளந்து பாருங்க."

வரிசை கட்டி நின்றார்கள். ஒரு தாத்தாவுக்கு மூன்று முழம். ஒரு சின்னப் பெண்ணுக்கு ஐந்து. "நான்தாம்மா பெரிய ஆளு!" என்று கத்தினாள். கூடமே சிரித்தது. மதாம்கூடக் குனிந்து கையை வைத்தார்.

என் பலகை சுவரில். பக்கத்தில் மின்விசிறி ஸ்விட்ச். அதைத் தேடி ஒருவர் வந்தார்.

மாலையில் மதாம் அறிவித்தார். அ.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை, ஒருவழியாக.

அபிராமி வீட்டுக்கு வந்தாள், நனைந்துகொண்டு. கையில் மஞ்சப்பை.

"இந்தாடி. ஒங்கணக்குப்படி வெட்டியாச்சு. மதாம் கறாரா சொல்லிட்டாங்க, அங்க போறது சரியா இருக்கணுமாம். மிச்சம் ஒனக்கு. நீலம் ஒனக்கு எடுக்கும்."

காபி கொண்டுவந்த அம்மா கதை கேட்டாள். அபிராமி வேட்டி முழத்தை விளக்கினாள். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "அதான் அன்னிக்கி அப்பா வேட்டி சீட்டையே பாத்துகினு நின்னியாடி?"

அபிராமி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியுமா ஒனக்கு?"

ஆமென்று தலையசைத்தேன்.

அம்மா உள்ளே போய்விட்டாள். அபிராமி பையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "ஜாக்கெட்டு தெச்சி வீணாக்காத. சட்டையா தெச்சிக்க."

காபியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் போனாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

துணியை அளந்தேன். 1.54. என் கணக்கு சரி.

மழை விட்டதும் டெய்லர் அக்கா கடைக்குப் போனேன். "எவ்ளோ கீது?" என்றார். மூன்று முழம், வேட்டி முழம் என்றேன். முழுக்கை வைத்துத் தைக்கச் சொல்லி, அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.