தொண்டை நோவு

திருகோணமலை
05.02.2025

அன்புள்ள ஷிஃபானாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். வகுப்பு வாட்ஸ்அப்பில் எழுத விரும்பாமல் இதை அம்ராவின் பையில் வைத்து அனுப்புகிறேன்.

புது வருட வகுப்பு தொடங்கி ஒரு கிழமைக்கு மேலாகிறது. இந்த முறை ஜன்னலோரம் பாய் விரித்து, கதைப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் அடுக்கியிருக்கிறேன். மணி அடித்தாலும் சிலர் எழும்புவதில்லை. உங்கள் மகள் மட்டும் அந்தப் பக்கம் வருவதில்லை. வாசிக்கக் கூப்பிட்டால், "தொண்டை நோகுது டீச்சர்" என்கிறாள்.

வீட்டில் கைபேசியைத் தள்ளி வைத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தாய் தகப்பன் பழக்கினால்தான் பிள்ளைக்கு ஆசை வரும். குறையாக எடுக்க வேண்டாம். கடலுக்குப் போகும் அப்பாவின் கதையை அனுப்புகிறேன். முதல் கிழமை வகுப்பில் வாசித்த அதே புத்தகம்.

அன்புடன்,
தர்ஷனா

07.02.2025

மதிப்புக்குரிய தர்ஷனா டீச்சருக்கு,

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

அம்ராவுக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை. பொய் சொன்னதற்கு ஏசினேன். காரணத்தைக் கேட்ட பிறகு ஏச மனம் வரவில்லை.

தம்பி சஜீதுக்கு அவள்தான் வீட்டில் வாசித்துக் காட்டுவாள். அவன் சின்னவன், அப்பா என்றால் அவனுக்கு விளங்காது. அதனால் அப்பா வருகிற இடமெல்லாம் வாப்பா என்று மாற்றிவிடுவாள். பழக்கத்தில் வகுப்பிலும் அப்படியே வாசித்துவிட்டாளாம். "வானா எழுத்து எங்க இருக்கு, காட்டு பாப்பம்" என்று நீங்கள் கேட்க, பிள்ளைகள் சிரித்தார்களாம். நீங்களும் சிரித்தீர்களாம்.

அம்ராவின் வாப்பாவுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. புத்தகத்துப் படத்தில் படகோடு நிற்கும் ஆளைக் காட்டி, "இது வாப்பா இல்லையா உம்மா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல டீச்சர்?

கைபேசியை அவள் தொடுவதில்லை.

இப்படிக்கு,
ஷிஃபானா

10.02.2025

அன்புள்ள ஷிஃபானா,

நான் சிரித்தது உண்மை. நீங்கள் எழுதும்வரை அது என் நினைவில்கூட இல்லை. அதை நினைக்கத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அதோடு, உங்களுக்குப் புத்திமதி வேறு எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தகப்பனைப் பப்பா என்றுதான் கூப்பிட்டோம். அப்பா என்று வந்த இடமெல்லாம் நானும் மனதுக்குள் மாற்றித்தான் வாசித்தேன். வாய்விட்டு மாற்றத் துணிவில்லாததால் என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்று எல்லோர் முன்னாலும் அம்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிள்ளைகள் மறந்திருந்ததை நானே மறுபடி எடுத்துக் காட்டிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் தகப்பனைக் கூப்பிடுகிறபடியே வாசிக்கலாம் என்றேன். றிக்சன் எழும்பி, "நான் லெஸ்லி எண்டுதான் கூப்பிடுறனான் டீச்சர், அம்மாவும் அப்பிடித்தான்" என்றான். "அப்ப லெஸ்லி கடலுக்குப் போகட்டும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அம்ரா தலையைத் தூக்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை, வாசிக்கவுமில்லை.

அவள் வாசித்தது சரி என்று நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் இனி நம்பமாட்டாள்.

வெட்கத்துடன்,
தர்ஷனா

14.02.2025

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

உங்கள் சுகத்துக்கு துஆச் செய்கிறேன். கடிதத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். லெஸ்லி கடலுக்குப் போன இடத்தில் நன்றாகச் சிரித்தார். உங்கள் மேல் எங்களுக்கு மனக்குறை இல்லை.

நீங்கள் சொல்லச் சொன்னதை அம்ராவிடம் சொன்னேன். "ஓம்" என்றாள். இனித் தொண்டை நோகாது, வகுப்பில் வாசிப்பாள்.

புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நேற்றுத் தம்பிக்கு அதை வாசித்துக் காட்டினாள். ஒரு பிழையும் விடவில்லை. அப்பா என்று இருந்த இடமெல்லாம் அப்பா என்றே வாசித்தாள்.

"ஆரு ராத்தா அது?" என்று சஜீத் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"புத்தகத்தில வாற ஆள்" என்றாள்.

இப்படிக்கு,
ஷிஃபானா