ஒரே கப்பல், ஒரே பேச்சு

அன்புள்ள என்னங்கவுக்கு,

இங்கே நானும் அத்தையும் நலம். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் கடிதத்திலும் ‘என்னங்க’ தான். கப்பல் போனில் பேசினால் பாதி நேரம் “கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே போய்விடுகிறது. மீதி நேரம் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் தொண்டையைச் செருமுகிறார். அதனால் இதை அடுத்த துறைமுகத்து ஏஜென்ட் முகவரிக்கே அனுப்புகிறேன்.

முதலில் சிரிக்கிற செய்தி. இந்த வாரம் நான் மறுபடி கட்சி மாறிவிட்டேன். டிவி தொடரில்தான், பயப்படாதீர்கள். கேப்டனைக் கவிழ்க்கக் கவர்னரோடு சேர்ந்தேன், கவர்னரைக் கவிழ்க்கக் கப்பல் சமையல்காரனோடு சேர்ந்தேன், இப்போது சமையல்காரனைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேப்டன் காலிலேயே விழுந்திருக்கிறேன். எங்கள் கொள்ளைக் கப்பலில் யார் யார் பக்கம் என்று எழுதுகிற கதாசிரியருக்கே குழப்பம். அத்தைக்கு மட்டும் குழப்பமே கிடையாது. அன்றைய பாகம் முடிந்ததும் என்னைப் பார்த்து, “உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியே, நல்லாயிருக்கா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் ஓங்கித்தான் வைக்கிறார்கள்.

இனி சிரிக்க முடியாத செய்தி. பஞ்சு விழுந்துவிட்டாள். நீங்கள் செட்டுக்கு வந்தபோது எங்கள் கப்பல் லாரி டயர்களின் மேல் நிற்பதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே, அன்று உங்களுக்கு டீ கொண்டு வந்து கொடுத்த பெண். நான் கத்தியைத் தூக்கி முறைப்பதோடு சரி. பாய்மரத்தில் ஏறுவதும் குதிப்பதும் அவள்தான். என் கோட்டையும் பொய்முடியையும் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து பார்க்க எனக்கே நான் நிற்பது போலிருக்கும். அப்படி என் வேஷத்தில்தான் விழுந்தாள். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்துவிட்டன.

எப்படி நடந்தது என்று உங்களுக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். குதிக்கிற காட்சிக்கு எங்களிடம் விசிலும் கொடியும் கிடையாது, வசனம்தான் சைகை. கேப்டன் கூட்டத்தைப் பார்த்து நீளமாக முழங்கிவிட்டு, கடைசியில் எங்கள் கூட்டத்தின் சத்தியமான “ஒரே கப்பல், ஒரே பேச்சு” என்பார். அது காதில் விழுந்ததும் மேலே பஞ்சு குதிப்பாள். அவர் முழங்கி முடிப்பதற்குள் கீழே கயிற்றுக்காரர்கள் இரண்டு பேரும் கையுறை மாட்டி, அவள் இடுப்பில் கட்டிய கயிற்றை இறுகப் பிடித்துவிடுவார்கள். ஒத்திகையில் அப்படித்தான் நடந்தது. படம் எடுக்கும்போது டைரக்டருக்கு முழக்கம் நீளமாகத் தோன்றியிருக்கிறது. கேப்டனிடம், முழக்கம் வேண்டாம், நேராகச் சத்தியத்தைச் சொல்லிவிடுங்கள் என்றார். கேமராக்காரரிடமும் சொன்னார். கயிற்றுக்காரர்களிடம் சொல்லவில்லை, மேலே நின்றவளிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நாங்கள் எல்லோரும், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். கேப்டன் சத்தியம் சொன்னார். பஞ்சு குதித்தாள். கயிற்றுக்காரர் ஒருவர் அப்போதுதான் இரண்டாவது கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அப்படியே வேஷத்தோடு ஓடினோம். கத்தியும் கிழிந்த சட்டையுமாக நின்ற எங்களைப் பார்த்து நர்ஸ், “இதுல பொண்ணோட சொந்தக்காரங்க யாரு?” என்று கேட்டாள். எல்லோரும் கை தூக்கினோம். அங்கேயே கேப்டன் தன் கொக்கிக் கையை நீட்ட, அதன்மேல் ஒவ்வொருவராகக் கை வைத்து, யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்வது என்று சத்தியம் செய்தோம். ஒரே கப்பல், ஒரே பேச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்சூரன்ஸ் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வரப்போகிறார். எடுத்த காட்சி அழிந்துவிட்டது என்கிறது தொடர் எடுக்கிற கம்பெனி. அதனால் நாங்கள் சொல்வதுதான் சாட்சி. சைகை வருமுன்னே அவளே அவசரப்பட்டுக் குதித்தாள் என்று எழுதிவிட்டால், ஆபரேஷனுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. அவள் எழுந்து நடந்தாலும், சைகைக்கு முன்னால் குதிக்கிறவள் என்று பேர் வாங்கியவளுக்கு எந்த ஸ்டண்ட் மாஸ்டரும் இனி கயிறு கட்டமாட்டார்.

நேற்று அந்தக் கம்பெனி மானேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதையில் கேப்டன் சாகப் போகிறாராம். “அடுத்த தலைவி நீங்கதான் மேடம். தொடர் ஓடுற வரைக்கும் கவலையே இல்ல. விசாரணையில மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்க” என்றார். உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் எனக்குப் பஞ்சு நினைவுக்கு வரவில்லை. நீங்கள் பெட்டியோடு கப்பல் ஏணியில் இறங்கி வருவதுதான் கண்ணில் வந்தது. உங்கள் கப்பல் கம்பெனி இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தலைவி வேஷம் நிலைத்தால் நீங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை.

உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
கப்பலேறாத உங்கள் கப்பல்காரி


அன்புள்ள என்னங்கவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. “ஊரோடு ஒத்து வாழ்”, “நமக்கேன் வம்பு”, “எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றாதே” என்று நம் பாஷையில் வாயை மூடிக்கொள்ளச் சொல்ல எத்தனை பழமொழி இருக்கிறதோ அத்தனையையும் எழுதிவிட்டீர்கள். கடைசி வரியில், “நான் வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான்” என்று எழுதியிருந்தீர்கள். பழமொழிகளுக்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது. அந்த வரிக்கு இல்லை. அதனால்தான் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது.

இங்கே எங்கள் சத்தியம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. முதலில் நழுவியவர் கிளி. தோளில் பொம்மைக் கிளியோடு சிரிக்க வைப்பாரே, அவர்தான். பஞ்சுவைத் தங்கச்சி தங்கச்சி என்று உருகியவர். அவர் மகனைக் கேமராவுக்கு உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாளே, “நான் அப்ப மூக்குக்குச் சாயம் பூசிக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் பார்க்கலியே” என்கிறார். கயிற்றுக்காரர்கள் என் கண்ணைப் பார்ப்பதில்லை. பஞ்சு மேல் தப்பில்லை என்றால் பழி அவர்கள் தலையில் விழும் என்று மானேஜர் பயம் காட்டியிருக்கிறார். “அக்கா, உங்களுக்கு இது இல்லாட்டி வேற தொடர். எங்களுக்கு?” என்று ஒருவர் கேட்டார். அவர்கள் பயம் நியாயமானதுதான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கேப்டன் விஷயம் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். என்னிடம் அவர் சாகப்போகிறார் என்று சொன்ன மானேஜர், அவரிடம் போய், தொடர் உள்ளவரை நீங்கள்தான் கேப்டன் என்று சொல்லியிருக்கிறார். கேப்டன் என்னிடம் வந்து, “நான் சாகலியாம்மா, பேசி முடிச்சாச்சு” என்று நிம்மதியாக மூச்சு விட்டார். சத்தியம் என்னாயிற்று என்று கேட்டேன். அதெல்லாம் வசனம்தானேம்மா என்றார். நிஜக் கொள்ளைக்காரர்களாக இருந்திருந்தால்கூட ஒருவரையொருவர் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார்கள்.

மானேஜர் இருவரையும் ஏமாற்றுகிறார், அதனால்தான் இவள் வீரம் பேசுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் பேசிய மறுநாளே தையல்காரரை அழைத்து வந்து தலைவியின் கோட்டுக்கு எனக்கு அளவெடுத்துவிட்டார்கள். கருநீலத் துணி, தோளில் பட்டை. நன்றாகத்தான் இருக்கிறது. அளவு நாடா கழுத்தைச் சுற்றியபோது, ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நீங்கள் கப்பலின் பக்கவாட்டில் பலகையில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறீர்கள். மேலே ஒருவன் கயிற்றைப் பிடிக்கிறான். நாளை, சொல்லவே வாய் கூசுகிறது, ஏதாவது ஆகி, உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் தன் வேலைக்காக, “அவனாத்தான் விழுந்தான்” என்று சொன்னால்? நான் அவன் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றமாட்டேனா? பஞ்சுவின் அம்மா ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொல்கிறார்கள். அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். “என் பிள்ளை வீட்டுக்கு வர்ற வழிய நீயே அடைக்கிறியாடி?” என்று கேட்டு அழுதார்கள். இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. சட்டியும் கரண்டியும்தான் எங்களுக்காகப் பேசிக்கொள்கின்றன. ஆனாலும் விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போகிற உடுப்பை எடுத்து வைத்திருந்தேன், அதை யாரோ இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். தனியாகச் சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன். உங்கள் சம்மதம் கேட்டு இதை எழுதவில்லை. தெரியாமல் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள்,
கப்பல்காரி


அன்புள்ள என்னங்கவுக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. “எப்படி?” என்று நீங்கள் கேட்கிற முகம் எனக்குத் தெரிகிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

மேக்கப் அறையில்தான் நடந்தது. அதிகாரி கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். எல்லோரையும் ஒன்றாகவே உட்கார வைத்துக் கேட்டார். கிளி மூக்குச் சாயத்தைச் சொன்னார். கயிற்றுக்காரர்கள், சைகைக்கு முன்னே குதித்துவிட்டாள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்கள். டைரக்டரும் அதையே சொன்னார். கேப்டன், எல்லாம் ஒத்திகைப்படியே நடந்தது என்றார். என் முறை வந்தது. முழக்கத்தை வெட்டினார்கள், சத்தியம் முன்னாலேயே வந்துவிட்டது, அவள் சரியான நேரத்தில்தான் குதித்தாள், கீழே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். மானேஜர் சிரித்துக்கொண்டே, மேடத்துக்கு அந்தப் பெண் மேல் பாசம் சார், குழப்பிக்கொள்கிறார் என்றார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பாசம் இருக்கிறது, குழப்பம் இல்லை என்றேன்.

அதிகாரி நான் சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு கேப்டனைப் பார்த்து, அது என்ன முழக்கம், நான் கேட்கலாமா என்றார். நீங்கள் என்னைத் தவிர வேறு நடிகர்களோடு பழகியதில்லை, உங்களுக்குத் தெரியாது. எங்களை யாராவது நடித்துக் காட்டச் சொன்னால், வீடு தீப்பற்றி எரிந்தாலும் நடித்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுவோம். கேப்டன் எழுந்தார், கொக்கிக் கையை உயர்த்தினார், அடிவயிற்றிலிருந்து முழங்கினார். கடலைத் திட்டினார், ராஜாவைத் திட்டினார், குரல் உடைந்து அழுதார், கடைசியில் சத்தியத்தில் வந்து நிறுத்தினார். முழக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே கயிற்றுக்காரர் ஒருவரின் கை தானாகக் கையுறை மாட்டுவது போல அசைந்ததை நான் பார்த்தேன். அதிகாரி கை தட்டினார். பிரமாதம், இதைத் தொடரில் பார்க்கத்தான் வேண்டும் என்றார்.

அவ்வளவுதான். “எங்க சார் பார்க்கிறது? அதத்தான் வெட்டிட்டாங்களே! இருந்த ஒரே நல்ல வசனம். அன்னிக்கு ஒரு வரியச் சொல்லுன்னு சொல்லி முடிச்சுட்டாங்க” என்று வயிற்றெரிச்சலோடு சொல்லிவிட்டார் கேப்டன்.

தான் என்ன சொன்னோம் என்று கேப்டனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. கையுறைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். ரெண்டாவது கையுறை மாட்டலை சார், அதுக்குள்ள அவ கீழ வந்துட்டா என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் நியாயத்துக்காக யாரும் பக்கம் மாறவில்லை. கேப்டனை மாற்றியது வெட்டிய வசனத்தின் மேலிருந்த ஆசை. இருந்தாலும் உண்மை வந்துவிட்டது, எந்தக் கதவு வழியாக வந்தால் என்ன.

தவறு கம்பெனி மேல் என்று எழுதிவிட்டார்கள். பஞ்சுவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடக்க நாளாகும் என்கிறார் டாக்டர். இனி குதிப்பது பற்றி அவள்தான் கேட்டாள், டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

நீங்கள் எதிர்பார்த்ததே நடந்தது. ஒரு புயலில் கேப்டனையும் என்னையும் சேர்த்துக் கடலில் தள்ளிவிட்டார்கள். அதற்கு எங்களைக் கூப்பிடக்கூட இல்லை. நீலத் துணியில் இரண்டு தொப்பிகள் மிதந்தன, முடிந்தது. எனக்கு அளவெடுத்த கோட்டை வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி இப்போது கிளி போட்டுக்கொண்டிருக்கிறார். அவர்தான் புதிய தலைவர். தொப்பிகள் மிதந்ததும் அத்தை எழுந்து டிவியை அணைத்துவிட்டார்கள். “இந்தக் கப்பல்ல இனி ஒருத்தனும் உருப்படமாட்டான்” என்றார்கள். பல நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நேற்று என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பஞ்சுவின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உங்களைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

எனக்குக் குழந்தைகள் தொடர் ஒன்றில் ஒரு முயலுக்குக் குரல் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. அது வீட்டை ஓட்டப் போதாது, உங்களுக்கே தெரியும். அதனால் இதை நானே எழுத வேண்டியிருக்கிறது. அந்த இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் இல்லாமல் இருந்து பழகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பழகவில்லை. செய்ததற்கு வருந்துகிறேன் என்றும் நினைக்காதீர்கள். மறுபடி கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இரண்டும் ஒரே மனதில் இருக்கிறது, நான் என்ன செய்ய?

உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். ஆனால் அதைத் தபாலில் அனுப்பாதீர்கள். பத்திரமாக வைத்திருந்து, நல்லபடியாகக் கரையேறி வந்து, எதிரே உட்கார்ந்து வாயாரத் திட்டுங்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். திட்டி முடிக்க எத்தனை நாளானாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களவள்