சனிக்கிழமை ஆட்டம்

தை 5, திங்கள்

உறைபனி. வாசல் புல் முழுக்க உப்புக் கொட்டியது போல. குழாயில் தண்ணீர் இல்லை, பைப்புக்குள்ளேயே கட்டி. மருமகள் சுமதி வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். வெயில் ஏறிய பிறகுதான் வந்தது.

இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் நானே எழுதியது. எழுபது வயதுக்கு மேல்! மல்லிகா டீச்சர் சாயங்கால வகுப்பில் சொன்னது: "தினம் நாலு வரி எழுதுங்கய்யா. யாருக்கும் காட்ட வேண்டாம்." காட்ட மாட்டேன்.

வாங்க வேண்டியது: டார்ச் பேட்டரி, முட்டிக்குத் தைலம், சீயக்காய்.

வியாழக்கிழமை கணேசனுக்குப் போட்டி. பெரிய கோல்ஃப் போட்டி, நம் ஊட்டியிலேயே. என் மகன் பெயர் பேப்பரில் வந்திருக்கும் என்று எங்கள் ஊர் கேத்தி டீக்கடையில் முதல் பக்கத்திலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கிரிக்கெட், கபடி, தங்கம் விலை. மறுபடி கிரிக்கெட். கோல்ஃப் ஒரு வரி கிடையாது. படிக்கத் தெரியாத காலத்தில், போட்டிருப்பார்கள், நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன். இப்போது அதுவும் போச்சு.

தை 6, செவ்வாய்

பனி குறைவு. முட்டி வலி அதிகம்.

கணேசன் சின்ன வயதில் என்னோடு மைதானத்தில் ஆட்டக்காரர்களின் குச்சிப் பை தூக்க வந்தவன். பிறகு ஆட்டக்காரன் ஆனான். இரண்டு கோப்பை. அப்புறம் கை கெட்டது. இருநூறு கெஜம் அடிப்பான், அழகாக விழும். குழி மூன்றடி தூரத்தில் இருக்கும், உருட்டிவிட்டால் போதும், அப்போது கை வெடுக்கென்று இழுக்கும். டாக்டர், ஜோசியர், இடது கை, நீளக் குச்சி, குட்டைக் குச்சி. எல்லாம் பார்த்தாயிற்று.

வியாழன், வெள்ளி எல்லோரும் ஆடலாம். குழியில் போட அடிக்கிற அடி குறையக் குறைய நல்லது. வெள்ளி மாலை பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சம் பேருக்குத்தான் சனி, ஞாயிறு. கணேசன் சனிக்கிழமை ஆடி ஏழு வருஷம். இந்தத் தடவையும் இல்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்று சுமதியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். துபாயில் ஒரு மைதானத்தில், கற்றுக்கொடுக்கும் வேலை. அங்கே ஒருவர் பேசி வைத்துக் காத்திருக்கிறார்.

இன்று ஒரு புதுத் தலைவலி. பை தூக்க வருகிறேன் என்ற ஆள் வேறொரு பெரிய ஆட்டக்காரரோடு போய்விட்டான். நான் தூக்குகிறேன் என்றேன்.

"மேடு ஏறுவீங்களாப்பா?"

"நாப்பது வருசம் ஏறுன மேடுதான்டா."

சுமதி பேக்கரிக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று, "ஏனுங்க, பைய மாமா தூக்கட்டும். மாமாவத் தூக்க ஒரு ஆளு பாத்துட்டீங்களா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்றது. ஆனால் வரச் சொல்லிவிட்டான்!

தை 7, புதன்

ஒத்திகை. நாலாவது குழிப் பக்கம் காட்டெருமை ஒன்று படுத்து அசை போட்டது. யாருக்கும் அதை எழுப்பத் தைரியம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம்.

சட்டமெல்லாம் மாறிவிட்டதாம். கணேசன் சொல்லச் சொல்ல எழுதியது:

– பந்து தொலைந்தால் மூன்று நிமிஷம்தான் தேடலாம். (முன்பு ஐந்து.)
– கொடிக் கம்பை அவன் சொன்னால் மட்டும் எடுக்கணும்.
– அவன் அடிக்க நின்ற பிறகு பந்துக்குப் பின்னால் நேராக நான் நிற்கக் கூடாது.

கடைசியைக் கேட்டு ஆடிப்போனேன். பின்னால் குனிந்து நின்று, "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், சரி அடி" என்பதுதானே எங்கள் வேலையே? வேறு என்னத்துக்கு ஆள்? கழுதையே போதுமே, பை சுமக்க.

"அது இப்போ தப்புங்கப்பா. ரெண்டு அடி சேத்திப் போட்டுருவாங்க."

எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ.

தை 8, வியாழன்

மறுபடி உறைபனி. புல்லில் கால் வைத்தால் கருகிவிடும், உருகும்வரை யாரும் இறங்கக் கூடாது. கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் கை தேய்த்துக்கொண்டு நின்றார்கள். கணேசன் நின்ற இடத்திலேயே குச்சியும் பந்தும் இல்லாமல் வெறுங்கையால் உருட்டுவது போல் செய்து பார்த்தான்.

ஆடினான். நன்றாகவே. இரண்டு சின்ன உருட்டு தவறியது, மிச்சமெல்லாம் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான் தள்ளிப் போய் ஓரமாக நின்றேன். கை துறுதுறுவென்றது. வாய் அதற்கு மேல்.

கூட ஆடுபவர் சண்டிகர்க்காரர். நல்ல மனுஷன், எனக்குப் பிஸ்கட் கொடுத்தார்.

பலகையில் பெயர் ஏற்றியிருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். என் மகன் பெயரை என்னால் படிக்க முடியவில்லை. எண் மட்டும் தெரிந்தது. நல்ல எண்.

தை 9, வெள்ளி

மதியம். மைதானத்திலேயே, பையை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல். பரவாயில்லை.

கெடுத்துவிட்டேன்.

பதினாறாவது குழி. மேகம் இறங்கி எதிர்மேடு தெரியவில்லை. பந்து ஆறடியில். இதைப் போட்டால் நாளைக்கு நிச்சயம் என்ற நிலைமை. கணேசன் குனிந்தான். கை இழுக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் தெரியும். அப்புறம் நான் அவன் பின்னால் முட்டியைப் பிடித்துக் குனிந்து நிற்கிறேன். "துளி இடது. சரி. அடி சாமி."

அடித்தான். விழுந்தது. கை தட்டினேன்.

சண்டிகர்க்காரர் தலை குனிந்தபடி வந்து கணேசனிடம் மெல்ல ஏதோ சொன்னார். நடுவர் வண்டியில் வந்தார். இரண்டு அடி கூட்டிவிட்டார்.

புதன்கிழமை எழுதினேனே, இதே நோட்டில். கைதான் எழுதியது. காலுக்கு எழுத்துத் தெரியாதே.

கணேசன் திட்டவில்லை. "பரவால்லப்பா" என்றான். மிச்ச இரண்டு குழியும் அதே முகத்தோடு ஆடி முடித்தான். ஒரே ஒரு அடியில் வெளியே. பின்னால் ஆடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது தவறினால் உள்ளே, வெளியே என்று பிரிக்கும் கோடு கீழே இறங்குமாம், இவனும் உள்ளே வருவானாம். கணேசன் நம்பவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறான்.

மேலும் எழுதுகிறேன். காற்று எழுந்துவிட்டது. மரம் எல்லாம் ஊளையிடுகிறது.

அடுத்தவர் பிள்ளை தவறட்டும் என்று மாரியம்மனிடம் கேட்கலாமா? கேட்டேன்.

இரவு, வீட்டில். கேட்டுவிட்டுக் கடைசிக் குழி ஓரத்தில் போய் நின்றேன். வந்தவர்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரே எரிச்சல். கடைசியாக வந்தவர்களில் கொல்கத்தாக்காரர் ஒருவர். பந்து நாலடியில். இவர் போட்டால் கணேசன் வீட்டுக்கு, தவறினால் இரண்டு பேரும் உள்ளே என்று பலகைக்காரர் எனக்காகத் தமிழில் சொன்னார். அவர் குனிந்தார். காற்று. எழுந்தார். மறுபடி குனிந்தார்.

தவறியது.

"ஆஹா!" என்று கத்திவிட்டேன். சுற்றி எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த மனிதர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தேன். ஓட முட்டி விடவில்லை.

கணேசன் நம்பாமல் பலகை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"வேற ஆளப் பாத்துக்கடா" என்றேன். "நான் வந்தா மறுபடி கெடுப்பேன்."

"வெடியாலே முதல் ஆட்டம் நம்மளுதுங்கப்பா. நேரமே எந்திரிங்க" என்றான்.

தை 10, சனி

உறைபனி. ஆனால் சனிக்கிழமை! இந்த வார்த்தையை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

ஆட்டம் படுமோசம். ஒரு பந்து முள் புதருக்குள், ஒன்று ஓடைக்குள். அவன் உருட்டும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தபடி நின்றேன். விழுந்ததா இல்லையா என்பது சத்தத்தில்தான். பாதிக்கு மேல் சத்தமே இல்லை.

கடைசிக் குழியில் மூன்று உருட்டு. கணேசன் குச்சியைப் பைக்குள் வீசினான். கைக்குட்டையைத் தரையில் அடித்தான். "மூணடி! மூணடி உருட்டத் தெரியாத கழுத, எனக்கெல்லாம் எதுக்கு ஆட்டம்!" இன்றும் கூட ஆடிய சண்டிகர்க்காரர் பயந்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏழு வருஷமாகத் தோற்று வந்தால் "பரவால்லப்பா" என்பான், போய்ப் படுப்பான். அந்தப் பரவால்லையைக் கேட்டுக் கேட்டு நான் செத்தேன்.

பஸ்ஸில் கேத்தி வரும்வரை அவன் வாய் ஓயவில்லை. பதினொன்றாவதில் குச்சி மாற்றியிருக்கணும், புதர்ப் பக்கம் போயிருக்கவே கூடாது, ஓரமா நில்லுங்கன்னா மலையையா பாப்பீங்க, காத்து எந்தப் பக்கம்னு சொல்லக்கூட ஆளில்ல. எனக்கும் நல்ல திட்டு. நானும் விடவில்லை. முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பி முறைத்தார்கள்.

வீட்டில் சுமதி: "ஏனுங்க, துபாய்க்காரர் ரெண்டு தடவ கூப்ட்டாருங்க. என்ன சொல்லட்டும்?"

"இரு இரு. பந்து தொடைக்கிற துண்டு எங்க? நாளைக்கு வேணும்."

துண்டு ஒரே ஈரம். அடுப்புக்கு மேல் கொடியில் போட்டிருக்கிறேன்.