ஆத்துவாய் வெட்டின நாள்

மகள், உனக்கு ஸலாம்.

போனில கதைச்சா உன்ட வாப்பா பக்கத்தில இருப்பாரு. அதனாலதான் எழுதுறன்.

முகத்துவாரத்தில ஆறு கடலில விழுற ஆத்துவாயை மணல் மூடினதால, நாங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போக ஏலாம பாய்ப்படகோட உள்ளுக்குத்தான் கிடக்கிறம். மணல வெட்டி வாயத் திறந்ததும் திருகோணமலை, அங்கயிருந்து மாலைதீவு எண்டு வாப்பா தினமும் சொல்றாரு. தண்ணிக் கேன், கேஸ், மரக்கறி எல்லாத்துக்கும் இப்ப நான்தான் சின்னத் தோணியில கரைக்குப் போறன். போன கிழமை பாண் வாங்கப் போன வாப்பா, பஸ் ஏறி வாழைச்சேனை ஹாபருக்குப் போய், அவர்ர கப்பல் போயிட்டுதா எண்டு கேட்டாராம். அவரு கப்பல் வேலைய விட்டுப் பன்ரெண்டு வருஷம்.

மழையில வயல் வட்டையெல்லாம் மூழ்கினதால, வெள்ளம் கடலுக்கு வடியட்டும் எண்டு நேத்து விடிய ஆத்துவாய வெட்டிட்டாங்க. சந்தையில கேள்விப்பட்டன். வாப்பாக்குச் சொல்லல்ல. ஆனா, தண்ணி கடலுக்கு இழுக்கத் தொடங்கினதும் படகு நங்கூரத்தில தானாச் சுத்தி, பின்பக்கத்தக் கடலுக்குக் காட்டிக்கொண்டு நிண்டிச்சு. முப்பது வருஷம் கடலில கிடந்த மனிசன், பாத்த உடனே வாய் வெட்டினதக் கண்டுபிடிச்சிருவாரு எண்டு பயந்துகொண்டே தேத்தண்ணி ஊத்தினன்.

வெளியில வந்து தேத்தண்ணி குடிச்சாரு. ஓடுற தண்ணியக் கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தாரு.

"வாய் இன்னும் வெட்டல்லியா?" எண்டு கேட்டாரு.

இல்ல எண்டன். சரி எண்டுட்டு உள்ளுக்குப் போயிட்டாரு.

கண்டுபிடிச்சிருந்தா சண்ட பிடிச்சுத் தடுத்திருப்பன், மகள். அது இதவிட எவ்வளவு நல்லம்.

லீவு எடுக்க ஏலுமெண்டா கெதியா வா.

உன்ட உம்மா