உப்புத் தகட்டில் மூட்டம்

1956 அக்டோபர் 22, திங்கள். குரங்கணி.
இன்று வயது 68, மாதம் 4, நாள் 11. மழை.

மேரி பெங்களூரிலிருந்து அனுப்பிய உப்புத் தகடுகள் மூன்று. என் பழைய மாணவி. அகச்சிவப்புக் கருவி அவளிடம். அந்த ஒளியைக் கண்ணாடி விழுங்கிவிடும், பாறை உப்பு வழிவிடும். ஆனால் ஈரம் பட்டால் கரையும். ஆகவே தம்பியின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் என் வாசம். இம்மலையில் ஈரமற்ற இடம் இது ஒன்றே.

செய்ய வேண்டியது: புரதம் போன்ற சங்கிலி மூலக்கூறான பாலிபெப்டைடைக் குளோரோபாரத்தில் கரைத்துத் தகட்டில் ஊற்றுதல். மெல்லிய படலமாக உலரும்போதே ஒரே திசையில் தடவுதல். சுருள் சங்கிலிகள் யாவும் ஒரு பக்கமாகப் படுக்கும். மேரிக்கு அந்தக் கை வரவில்லை. சுருளில் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புகள் தனித்து அதிர்வதில்லை, ஒன்றையொன்று இழுக்கும். ஆதலால் நிறமாலைப் பட்டை இரண்டாகப் பிரிய வேண்டும்: அச்சின் நெடுக ஒன்று, குறுக்கே ஒன்று. இது என் நான்காண்டுக் கணக்கு.

கருவி மேரிக்குச் சனி வரைதான். வியாழன் ஜீப்பில் படலம் இறங்காவிட்டால் கணக்கு வெறும் காகிதம்.

தம்பி மனைவி செல்லம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி ஆஸ்பத்திரி வாடை? ஏலக்காய்க்கு மயக்க மருந்தா குடுக்கீக?"

அக். 23, செவ்வாய்.
முதல் தகட்டில் மூட்டம். பால் கலந்தாற்போல். விளக்குத் திரியும் சரியில்லை, எழுதும் வரிகள் ஏறி இறங்குகின்றன.

"ஈரத்துணியால் துடைத்தாயா?" என்று செல்லம்மாவைக் கேட்டேன்.

"தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு நீங்கதான சொன்னீக? எனக்கு என் சோலியே தலைக்கு மேல கெடக்கு."

நம்பவில்லை. எரிசாராயம் தோய்த்த தோலால் மெருகேற்றல். மூட்டம் அகலவில்லை. மீண்டும். மாலையில் விரிசல்.

அக். 24, புதன்.
இரண்டாவதும் அவ்வாறே. தேய்த்ததில் நடுவே குழி, படலம் நிற்காது. எஞ்சியது ஒன்று. அதிலும் மூட்டம்! சோறு வேண்டாம் என்றேன். அழவில்லை. கண்ணில் நீர், குளோரோபார நெடியால்.

அக். 25, வியாழன்.
கீழே ஜீப்பு ஹாரன். மூன்றாவதைத் தேய்க்கத் தோலை எடுத்தேன். செல்லம்மா தகட்டைப் பிடுங்கி வாசல் வெளிச்சத்தில் உயர்த்தினாள்.

"தண்ணியாட்டம் இருக்கே மதினி. அங்கிட்டு டிரைவர் கொட்டாவி விடுறது கூடத் தெரியுது. எதப் போயித் தேய்க்கீக?"

"இந்த மூட்டத்தை."

"எந்த மூட்டம்?"

பிறகு அவள் தகட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். வாசலுக்குப் போய்க் கத்தினாள்: "அண்ணே, செத்த நில்லுங்க! மதினி சாமான் வருது!"

ஊற்றினேன். தடவினேன். திசை விரலுக்குத் தெரியும். "வெரசா, மதினி" என்றாள், குரல் உடைந்து. அதட்டினேன். பஞ்சில் பொதிந்து அவளே கொண்டு இறங்கினாள். ஜீப்பு போயிற்று.

நல்ல தகடுகள் இரண்டை நாசம் செய்தாயிற்று. மேரி அனுப்பப்போகும் வரைபடத்தில் பட்டை இரண்டாகப் பிரிந்தே இருந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

மதுரைக் கண் டாக்டர் சித்திரையிலேயே சொல்லிவிட்டார்: நரம்பு பட்டுப்போகிறது, அறுவையால் ஆவதில்லை, பொங்கல் வரை பார்வை இருந்தால் அதிகம். தம்பியிடம் சொல்லவில்லை. மேரியிடமும். இந்த நாட்குறிப்பிலும் இன்றுதான் எழுதுகிறேன்.