ஐம்பது சீட்டு, ஆறு பெயர்

பெங்களூர்,
6.8.2015

அன்பு ஸ்டெல்லா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

இந்த மாதமும் சம்பளம் வரவில்லை. எங்கள் விமானத்தில் ஐம்பது சீட்டு. பெரிய கம்பெனிகளின் நூற்றெண்பது சீட்டு விமானத்துக்கும் இரண்டு பைலட், இதற்கும் இரண்டு பைலட். டிக்கெட் விலையை ஏற்றினால் ஜனங்கள் ரயிலுக்குப் போய்விடுவார்கள். எரிபொருளைக் கடனுக்குத் தரமாட்டார்கள். கம்பெனி கைவைக்க மிச்சமிருப்பது எங்கள் சம்பளம்தான்.

திங்கட்கிழமை ஆறு கோ-பைலட்டுகள் சேர்ந்தாற்போல் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. உன் தம்பி ஆரோனும் அதில் ஒருவன். விமானங்கள் நின்றுபோயின. மேனேஜர் ராஜாங்கம் என்னைக் கூப்பிட்டு, "ஆறு பேரும் பொய் சொன்னாங்கன்னு பேர் போட்டு எழுதிக் குடுங்க கேப்டன். உங்க பாக்கி மொத்தமும் நாளைக்கே வந்துடும்" என்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜெனிஷாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

உன்,
மைக்கேல்

•

நெய்வேலி,
11.8.2015

அன்பான ஜெனிஷா அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

காய்ச்சல் விட்டு ஸ்கூலுக்குப் போகிறாள். அப்பா எப்போ வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வடக்குத்து ஊரில் நம் வீட்டைக் கட்டும் வேணு மேஸ்திரி நேற்று நான் வேலை செய்கிற மைன்ஸ் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "கம்பியெல்லாம் மழையில துருப்புடிச்சிகினு கெடக்குதுங்க. முடியலன்னா சொல்லிடுங்க, நான் வேற வேலைக்குப் போறேன்" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பிளேன் ஓட்டுறவரு வூட்டுலயே காசு இல்லியாம்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். என் கிளார்க் சம்பளத்தில் எத்தனை நாள் சமாளிப்பது?

மனசில் பட்டதை எழுதுகிறேன். ஆரோன் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்து பேரை எழுதிக் கொடுங்கள். அவர்கள் நமக்கு யார்? உங்களுக்குச் சம்பளம் நின்றபோது யார் வந்து கேட்டார்கள்?

அன்புடன்,
ஸ்டெல்லா

•

பெங்களூர்,
18.8.2015

அன்பு ஸ்டெல்லா,

அந்த ஐவரில் ஒருவன் இனியன். லீவு சொன்னதற்கு முந்தின நாள் என்னோடுதான் பறந்தான். அன்றைய ஆறாவது பயணம். இறங்கும் நேரத்தில் இரண்டு தடவை கூப்பிட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் தூக்கத்தில் தலை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நாற்பத்தெட்டு பேர். அவனைப் பொய்யன் என்று எப்படி எழுதுவேன்?

ராஜாங்கத்திடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நேற்றோடு என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பையன்களைத் தூண்டிவிட்டதே நான்தான் என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். யாரென்று சொல்லவில்லை.

29ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். நீ திட்டுவாய் என்று தெரியும். நேரில் திட்டு.

மைக்கேல்

•

நெய்வேலி,
22.8.2015

அன்பான ஜெனிஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஆரோனும் வந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ். பாக்கி சம்பளம் வந்துவிட்டதாம், வீடு கட்டப் பணம் தருகிறானாம். எப்படி வந்தது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"நீதானக்கா போன்ல சொன்ன, மத்தவங்க பேர எழுதிக் குடுத்துட்டு நீ தப்பிச்சிக்கோன்னு. ஆறு பேரு வேணும்னாங்க. என்னை வுட்டா அஞ்சுதான் இருந்திச்சி. மாமா பேர சேத்தாதான் ஆவும்னாங்க."

ஆமாம், உங்களுக்கு எழுதிய அன்று அவனுக்கும் போன் போட்டு அதையேதான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. அவன் கேட்டுவிட்டான்.

பணத்தை வாங்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவனைத் துரத்திவிட்டு நான் மட்டும் எந்த முகத்தோடு உள்ளே போவது?

திட்டு வாங்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாங்க வேண்டியது நான். இதைப் படித்த பிறகும் உங்களுக்கு பஸ் ஏற மனம் வந்தால், சனிக்கிழமை காலை ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்பில் ஜெனிஷாவோடு நிற்பேன். வராவிட்டால் ஏன் என்று கேட்டு எழுத மாட்டேன்.

ஸ்டெல்லா