கடல் தெரியாத அடுப்படி

ஜனவரி 30, 2019. புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் இன்று கடலை நக்கிப் பார்த்தேன். கடல் கரிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். எம்புட்டுக் கரிக்கும் என்று ஒருத்தரும் சொன்னதில்லையே. குனிந்து ஒரு கை அள்ளினேன். அலை வந்து என்னையே அள்ளிவிட்டது. எழுந்து பார்த்தால் சேலை பூராவும் மணல், ஒரு செருப்பைக் காணோம், மீன் கூடையோடு நாலு பெண்கள் நின்று சிரிக்கிறார்கள்.

"ஏங்க்கா, ஒங்க ஊர்ல உப்பே விக்கிறதில்லையா?" என்றாள் ஒருத்தி.

"விக்காக. இங்கதான் சும்மா குடுக்காகன்னு கேள்விப்பட்டு வந்தேன்" என்றேன்.

அவள் பெயர் தையல்நாயகி. வாய் என்னைவிட நீளம். பிடித்துப்போயிற்று.

பிப்ரவரி 2. சனி

வேலை மும்முரம். கஜா புயலில் வீடு போன இருபது குடும்பத்துக்கு ஒரு டிரஸ்ட் வரிசையாக வீடு கட்டிக்கொடுக்கிறது. என்ஜினீயர் ஜெயசித்ரா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை. அதனால்தான் ராஜபாளையத்து ஆட்களான எங்களை வேதாரண்யம் வரைக்கும் இழுத்து வந்திருக்கிறாள். கொத்தனார் சங்கையா என் வீட்டுக்காரர். நான் அவருக்குச் சித்தாள். பகலெல்லாம் "ஏட்டி, கலவை!" என்று கத்துவார். "வாரேன் மொதலாளி" என்பேன். சாயங்காலம் சட்டியைக் கையில் கொடுத்து வெங்காயம் உரிக்கச் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 5

சோற்றில் மணல். ரசத்தில் மணல். கொத்தனார் வாயிலும் மணல், அதனால் இன்று எனக்கு ஏச்சு இல்லை.

பிப்ரவரி 14. வியாழன்

ஏழாவது வீடு தையல்நாயகிக்கு. தினமும் வந்து நின்று, செங்கல்லை மகள் மாதிரி தடவிப் பார்த்துவிட்டுப் போவாள். இன்று பின்சுவர் மேலே ஏறியதும் முகம் மாறிவிட்டது.

"இந்தப் பக்கம் சன்னல் எங்க?"

"கடல் பக்கம் சன்னல் கிடையாதுக்கா" என்றாள் ஜெயசித்ரா. "புயல் அந்தப் பக்கமாத்தான வந்துச்சு? காத்து சன்னல் வழியா உள்ள புகுந்துதான் கூரையவே தூக்குது."

"அப்ப எனக்கு இந்த வீடு வேணாம்."

அவ்வளவுதான், போயே போய்விட்டாள். வீடு ஒப்படைக்கும் நாளுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு குடும்பத்துக்குப் போய்விடுமாம். நான் பின்னாலேயே ஓடி, "புருசன் கடல்ல இருந்து வாரதப் பாக்காம ஒனக்குச் சோறு எறங்காதோ? கல்யாணமாயி எம்புட்டு வருசமாச்சு, இன்னுமா?" என்று கிண்டல் பண்ணினேன். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 15

தார்ப்பாய்க் கொட்டகையில் அவளைப் போய்ப் பார்த்தேன். அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். போன வருசம் அவள் வீட்டுக்காரர் சிங்காரத்தின் படகு கரைக்குப் பக்கத்தில் வந்து கவிழ்ந்ததாம். பழைய கீற்று வீட்டு அடுப்படியிலிருந்து அவள்தான் பார்த்தாள். கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள். நாலு பேர் நீந்திப் போய் உயிரோடு தூக்கி வந்திருக்கிறார்கள்.

"கஞ்சி பொங்குதான்னு பாத்துக்கிட்டே கடலையும் பாத்தேன்க்கா. பாக்கலேன்னா?"

நேற்று என் வாய் பேசின பேச்சு! ஊதுகுழலை அவள் கையிலிருந்து வாங்கி நான் ஊதினேன்.

பிப்ரவரி 24. ஞாயிறு. சோழபுரம்

நாத்தனார் பேத்திக்குக் காது குத்து. இரண்டு நாள் லீவில் ராஜபாளையம் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்திருக்கிறோம். காலையில் என் அடுப்படியில் உட்கார்ந்து காபி போடும்போது பின்வாசல் வழியே மலை தெரிந்தது. தினமும் தெரிவதுதான். மலையில் கருப்பாக மேகம் உட்கார்ந்தால் வற்றலை அள்ளுவேன். யாரும் சொல்ல வேண்டாம். அந்த வாசலை மறித்து ஒருத்தன் சுவர் வைத்தால் விடுவேனா? ஏசியே இடித்துவிடமாட்டேன்?

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினேன்.

பிப்ரவரி 27

தையல்நாயகி பால்கோவா தின்றாள். "நல்லாத்தான் இருக்கு. லேசா மீன் வாடை இருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துதான் வரவில்லை.

மார்ச் 6. புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

சுவர் கட்டும்போது சாரக்கம்பு நுழைக்க அங்கங்கே ஒரு செங்கல்லை விட்டுக் கட்டுவார்கள். சாரம் பிரித்ததும் அந்த ஓட்டையை அடைப்பது என் வேலை. இன்று ஏழாவது வீட்டில் அடைக்கப் போனேன். வெளியே நின்றால் ஓட்டை நெஞ்சு உயரம். உள்ளே தரை மேடு என்பதால் அடுப்படியில் குத்தவைத்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே. பார்த்தேன். கடல். கையில் இருந்த கலவையை அப்படியே சட்டியில் போட்டுவிட்டேன்.

மார்ச் 7

ஜெயசித்ராவைக் குத்தவைத்துப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒரு செங்கல் அளவுதானேக்கா. உள்பக்கம் கட்டை மூடி ஒண்ணு செஞ்சிருங்க, புயல்னா அடைச்சுக்கிடட்டும். ஆனா டிரஸ்ட் தலைவர் வேண்டாம்னுட்டா பூசிரணும்" என்றாள்.

கொத்தனாருக்குத்தான் ரோசம். "ஓட்டை விட்ட கொத்தனார்னு பேரு வாங்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

"இதுக்கு முன்னால மட்டும் ஒங்களுக்கு என்ன பேரு இருந்துச்சாம்?"

எழுந்து போய் ஓட்டைக்குள் கையை விட்டு அளந்தார். பொறவு அவராகவே, "வெளிப்பக்கம் ஓரத்தச் சரிச்சுப் பூசணும்ட்டி. அப்பத்தான் ரெண்டு பக்கமும் படகு தெரியும்" என்றார்.

தையல்நாயகியைக் கூட்டி வந்து உட்காரவைத்தேன். ஒற்றைக் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. பிடிக்கவில்லையோ?

"ஏட்டி, ஏதாச்சும் சொல்லித் தொலையேன்!"

"அடுப்ப இன்னும் செத்த இந்தப் பக்கம் தள்ளணும்க்கா" என்றாள்.

மார்ச் 17. ஞாயிறு

வீடு ஒப்படைத்தார்கள். டிரஸ்ட் தலைவர் பெரிய மனுசர், வெள்ளை வேட்டி, கண்ணாடி. ஏழாவது வீட்டு அடுப்படியில் ஓட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது என்ன?" "குந்திப் பாருங்கய்யா" என்றாள் தையல்நாயகி. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தி, முகத்தை ஒட்டவைத்தார்.

வெளியே கொத்தனார் கடைசியாக ஓரம் சரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கரண்டியால் கலவையை ஒரு தள்ளுத் தள்ளினார். அது ஓட்டை வழியே வந்து தலைவரின் ஒரு பக்கக் கண்ணாடியில் அப்பியது.

கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைவர் மறு கண்ணால் பார்த்தபடியே, படகு நன்றாகத் தெரிகிறது, மற்ற வீடுகளிலும் கேட்டால் இப்படி ஓட்டை விட்டுக் கொடுங்கள் என்றார். தையல்நாயகி கையெழுத்துப் போட்டாள். கலவை இறுகுவதற்குள் கண்ணாடியை நான் வாங்கி, சட்டி கழுவுகிற மாதிரி மணல் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது கடல் தெரியவில்லை என்றார்.